டூல்ஃபேஸ் ஆஃப்செட் அளவு ஒத்துவரவில்லை, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. சாய்வாகத் துளையிடும் ரிக்கில் வேலை பார்க்கிறேன். மட் மோட்டாரின் (துளைத் திரவத்தின் ஓட்டத்தால் பிட்டைச் சுழற்றும், லேசாக வளைந்த மோட்டார்) வளைவுக் குறியிலிருந்து எம்.டபிள்யூ.டி. காலர் (துளையிடும்போதே திசையை அளக்கும் கருவி உள்ள கனமான குழாய்) வரை கோடு ஏற்றி ஆஃப்செட், அதாவது மோட்டார் குறிக்கும் கருவியின் குறிக்கும் இடையிலுள்ள கோணம், எடுக்கிறோம். எனக்கு 127 டிகிரி, கூட்டாளிக்கு 133. கிணற்றின் அடியை நோக்கி வலச்சுற்றாகத்தான் இருவரும் அளந்தோம், அதில் குழப்பமில்லை. மூட்டுகளை முழுசாக முறுக்கிய பிறகுதான் கோடே போட்டோம்.

காலர் 6¾ அங்குலம். சுற்றளவு சுமார் 539 மி.மீ., அதாவது 1 டிகிரிக்கு ஒன்றரை மி.மீ. வித்தியாசம் 9 மி.மீ. சாக்பீஸ் கோட்டின் தடிமனே 3 மி.மீ. இருக்கும்! நடுவில் ஃப்ளோட் சப் (திரவம் திரும்பி ஏறாமல் தடுக்கும் வால்வு உள்ள குட்டைக் குழாய்), ஸ்டெபிலைசர் (துளையின் நடுவில் நிறுத்தப் பிளேடுகள் உள்ள குழாய்) வேறு. ஸ்டெபிலைசர் பிளேடைத் தாண்டும்போதுதான் கோடு விலகுகிறதென்று என் சந்தேகம்.

நீங்கள் நேர்ச்சட்டம் வைக்கிறீர்களா, லேசரா? பிளேடை எப்படித் தாண்டுகிறீர்கள்? இன்று ராத்திரி இதையெல்லாம் கிணற்றில் இறக்கியாக வேண்டும்.