ஆவணப்படத்தில் பார்த்து இன்னும் உறுத்துகிற காட்சி எது?

மதுரைக்காரன்:
எனக்கு 'நானூக் ஆஃப் த நார்த்'. கனடாவின் வடக்கே பனிப் பிரதேசத்தில் வாழும் நானூக் என்ற இனுயிட் (எஸ்கிமோ) வேட்டைக்காரரின் வாழ்க்கையைக் காட்டும் 1922 ஆவணப்படம். திரைப்படச் சங்கத்தில் போட்டார்கள். வியாபாரி கிராமபோனைக் காட்ட, நானூக் இசைத்தட்டை எடுத்துக் கடித்துப் பார்ப்பாரே, அங்கே அரங்கமே சிரித்தது. பக்கத்திலிருந்த பெரியவர் மட்டும், "அவருக்குக் கிராமபோன் தெரியும் தம்பி, கடிக்கச் சொன்னதால கடிக்கிறார்" என்றார். அப்புறம் தேடிப் படித்தேன். ஆளின் பெயரே அல்லகாரியல்லாக். மனைவியாக வருபவர் மனைவி இல்லை. துப்பாக்கியால் வேட்டையாடிக்கொண்டிருந்தவர்களைப் படத்துக்காக ஈட்டி எடுக்க வைத்திருக்கிறார் இயக்குநர் பிளாஹர்ட்டி. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

சாந்தி டீச்சர்:
எனக்கு லெம்மிங் என்கிற வடதுருவப் பக்கத்து எலி. "இந்த எலிகள் கூட்டமாகக் கடலில் குதித்துத் தற்கொலை செய்யும்" என்று ஒரு பையன் கட்டுரை எழுதி வந்தான். 1958இல் டிஸ்னியின் 'ஒயிட் வைல்டர்னஸ்' ஆவணப்படம் ஊரெல்லாம் பரப்பிய கதை அது. படம் எடுத்த கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் கடலே கிடையாது. மானிடோபா என்ற இன்னொரு மாகாணத்திலிருந்து லெம்மிங்குகளை விலைக்கு வாங்கி வந்து, மேட்டிலிருந்து ஆற்றில் தள்ளிவிட்டார்கள். 1982இல் கனடா தொலைக்காட்சி போட்டு உடைத்தது. அந்த டிஸ்னி படத்துக்கு ஆஸ்கர் வேறு! எல்லாம் கேட்டுவிட்டுப் பையன், "அப்போ தள்ளினவங்களை யாரும் பிடிக்கலையா மிஸ்?" என்றான். என்ன சொல்ல?

கடலோடி:
டீச்சர் சொன்னது கொடுமை. ஆனால் நானூக்கை அதோடு சேர்க்காதீர்கள். படத்தில் வரும் இக்ளூவை, அதாவது பனிக்கட்டி வீட்டை, பாதியாகக் கட்டியதுகூட வெளிச்சத்துக்காக. அந்தக் காலத்துக் கேமராவுக்கு உள்ளே இருட்டு. கேமராவைப் பழுதுபார்த்ததிலும் படச்சுருள் கழுவியதிலும் இனுயிட் மக்களின் கையும் இருக்கிறது. தெரிந்தே நடித்தார், சரி, அதில் என்ன கேவலம்?

என் கதை சின்னது. பிபிசியின் 'ஃப்ரோசன் பிளானட்' தொடரில் வரும் பனிக்கரடிக் குட்டிகளை, இயற்கையில் அல்ல, நெதர்லாந்து விலங்குப் பூங்காவில் எடுத்தார்கள் என்று 2011இல் செய்தி வந்தது. மகளிடம் சொன்னேன், அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

இனி விலங்குப் படம் பார்க்கும்போது ஒலியைக் கவனியுங்கள். தூரத்திலிருந்து பெரிய லென்ஸில் எடுத்த கரடியின் காலடிச் சத்தம் அவ்வளவு துல்லியமாக எப்படிக் கேட்கும்? பெரும்பாலும் ஸ்டுடியோவில் சேர்த்ததுதான். பணம் போட்டது யார் என்றும் பாருங்கள். நானூக்குக்குப் பணம் கொடுத்தது ரெவியோன் என்ற விலங்கு ரோமத் தோல் (ஃபர்) வியாபார நிறுவனம். படத்தில் வரும் அந்த வியாபாரி சும்மா வரவில்லை. குழந்தைகளோடு பார்த்தால் நடுவில் நிறுத்திப் பேசுங்கள், முடிந்த பிறகு பேசினால் காதில் ஏறாது.

மதுரைக்காரன்:
இக்ளூ வெளிச்சத்துக்காக, ஒத்துக்கொள்கிறேன். துப்பாக்கியை மறைத்தது எதற்காக அண்ணே?