ஏஜென்சியிலிருந்து பிராடக்ட் மேனேஜ்மென்ட்: புதுசா வந்தவங்களுக்கு

கேள்வி: டிசைன், மார்க்கெட்டிங், சாஃப்ட்வேர் ஏஜென்சிகளில் ஏழெட்டு வருஷம் இருந்துவிட்டு வெளிநாடு வந்தவர்கள் பிராடக்ட் மேனேஜர் வேலைக்கு எப்படி மாறுவது? விண்ணப்பம் முதல் சுற்றிலேயே திரும்பிவிடுகிறது. அண்ணன்மார், அக்காமார் யாராவது விவரமாகச் சொல்லுங்கள்.

பதில் 1:

திரும்புவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். ஏஜென்சி ரெஸ்யூம் “என்ன செய்து கொடுத்தோம்” என்று பேசும். படிக்கிறவர் தேடுவதோ “கொடுத்த பிறகு என்ன ஆச்சு” என்பதை. பன்னிரண்டு வாரத்தில் ஆப் முடித்தோம், பட்ஜெட்டைத் தாண்டவில்லை என்பதெல்லாம் ப்ராஜெக்ட் மேனேஜருக்கான சான்று. வேலையைக் குறித்த நேரத்தில் முடிக்க வைக்கும் ப்ராஜெக்ட் மேனேஜர், எதைச் செய்வது என்று முடிவெடுக்கும் பிராடக்ட் மேனேஜர், இரண்டு வேலைக்கும் சுருக்கப் பெயர் பி.எம். என்பதால் ரெக்ரூட்டரே குழம்புவார். ரெஸ்யூமில் பதவியை முழுசாக எழுதுங்கள்.

ஒவ்வொரு வேலையையும் இப்படிப் பிரித்து எழுதிப் பாருங்கள்: யாருக்கு என்ன சிக்கல், என்னென்ன வழிகள் இருந்தன, எதை ஏன் கைவிட்டீர்கள், வெளியிட்ட பின் எந்த எண் எவ்வளவு நகர்ந்தது. கடைசியாகக் கேட்டதுதான் உங்களிடம் இருக்காது; ஒப்பந்தம் வெளியீட்டோடு முடிந்திருக்கும். பழைய கிளையன்டுக்கு ஒரு சின்ன மின்னஞ்சல் போதும். வெளியீட்டுக்கு முந்தைய மாதமும் வெளியிட்ட பின் மூன்றாவது மாதமும் பணம் கட்டும் பக்கம் வரை வந்தவர்களில் எத்தனை சதவீதம் கட்டி முடித்தார்கள், உதவி கேட்டு வந்த அழைப்புகள் குறைந்தனவா, முப்பது நாள் கழித்துத் திரும்ப வந்தவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் கேளுங்கள். ரகசிய ஒப்பந்தம் இருந்தால் எழுதுவதற்கு அனுமதி வாங்குங்கள். பெயரையும் மொத்தத் தொகையையும் தவிர்த்து சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எண் கிடைக்கவில்லையா, எதை அளந்திருக்க வேண்டும் என்று எழுதுங்கள். கற்பனை எண் மட்டும் வேண்டாம். “இதை எப்படி அளந்தீர்கள்” என்ற கேள்வி வந்ததும் உடைந்துவிடும்.

எந்தக் கதவைத் தட்டுவது என்பது அடுத்தது. கூகுள் 2002இல் தொடங்கிய அசோசியேட் பிராடக்ட் மேனேஜர் திட்டம் போன்றவை பெரும்பாலும் புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கானவை. அனுபவம் உள்ளவர் துறையைப் பிடித்துப் போவது நல்லது: மூன்று வங்கிகளுக்கு ஆப் செய்தவர் பணப் பரிமாற்ற நிறுவனங்களுக்கு, மருத்துவமனை வேலை செய்தவர் சுகாதார மென்பொருளுக்கு. பலர் கவனிக்காத இன்னொரு கதவு, ஏஜென்சிகளுக்கே மென்பொருள் விற்கும் நிறுவனங்கள். விளம்பரக் கணக்கு, டிசைன் கருவி, மின்னஞ்சல் பிரச்சாரம் இவற்றை நாள்தோறும் திட்டிக்கொண்டே பயன்படுத்தியவர் நீங்கள்; அவர்கள் பயனர் ஆய்வு நடத்தித் தெரிந்துகொள்ள வேண்டியது உங்கள் கையில் இருக்கிறது. பழைய கிளையன்டிடமே சேரலாம், ஆனால் ஆள் எடுக்கத் தடை போடும் ஷரத்து ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பிராடக்ட் ஓனர் என்ற விளம்பரத்தில் எச்சரிக்கை. ஸ்க்ரம் என்ற, சின்னச் சின்னச் சுற்றுகளாக மென்பொருள் செய்யும் முறையில் இயங்கும் குழுவில் அது ஒரு பொறுப்பின் பெயர். சில இடங்களில் அதற்குள் முழு பிராடக்ட் வேலையும் அடங்கும். சில இடங்களில் வேறு யாரோ முடிவெடுத்ததை டிக்கெட்டாக, அதாவது குழுவுக்கான வேலைக் குறிப்பாக எழுதுவது மட்டும்தான், அதாவது பழைய வேலைக்குப் புதுப் பெயர். “ரோட்மேப்பிலிருந்து (அடுத்து செய்யப்போகும் வேலைகளின் திட்டம்) ஒன்றை நீக்கும் அதிகாரம் யாருக்கு?” என்று கேட்டால் தெரிந்துவிடும்.

பதில் 2:

மேலே சொன்னதோடு விசாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் வேலையை விட்டால் அதிகபட்சம் 60 நாள், அல்லது ஐ-94 (எதுவரை தங்கலாம் என்று காட்டும் பதிவு) முடியும் தேதி, எது முன்னதோ அதுவரைதான் அவகாசம். பிராடக்ட் இன்டர்வியூவே பல வாரம் இழுக்கும் என்பதால் கையில் ஆஃபர் இல்லாமல் ராஜினாமா வேண்டாம். பிரிட்டனில் ஸ்கில்டு வொர்க்கர் விசா நிறுவனத்தோடு கட்டியது. நிறுவனம் மாறினால் புதிய ஸ்பான்சர்ஷிப் சான்றோடு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அதே நிறுவனத்துக்குள் மாறினாலும் தொழில் குறியீடு மாறுகிறதா என்று எச்.ஆரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: இன்டர்வியூவில் எங்கே சறுக்கும்?

பதில் 3:

பிராடக்ட் சென்ஸ் சுற்றில், அதாவது யாருக்கு எந்தச் சிக்கலைத் தீர்ப்பது என்று யோசிக்கும் திறனைப் பார்க்கும் சுற்றில். “பார்வையற்றோருக்கு ஒரு அலாரம் கடிகாரம் வடிவமை” என்றதும் ஏஜென்சி ஆள் பேனாவை எடுத்துத் திரையை வரைவார். பிரீஃபை, அதாவது என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பை, வேறு யாரோ எழுதித் தந்து பழகிய கை அது. இங்கே பிரீஃபை எழுதுவதுதான் தேர்வே. 45 நிமிடம் என்றால் முதல் பதினைந்தை நோக்கம், பயனர் வகை, அவர்களின் சிரமம் இவற்றுக்கே கொடுங்கள். ஒரு வகையினரை மட்டும் தேர்ந்தெடுத்து, மற்றவர்களை ஏன் விட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

எண் கேள்வியில் “பதிவு செய்வோர் 10 சதவீதம் குறைந்துவிட்டார்கள், ஏன்?” என்பார்கள். உடனே காரணம் சொல்லாதீர்கள். முதலில் அளக்கும் நிரல் உடைந்ததா, பிறகு எந்தத் தேதியிலிருந்து, எந்த நாடு, எந்தக் கருவி, எந்த வெர்ஷன், எந்தப் படியில் என்று குறுக்கிக்கொண்டே வாருங்கள்.

ஏ/பி டெஸ்ட் (பயனர்களை இரண்டாகப் பிரித்து பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் ஒப்பிடும் சோதனை) கணக்கையும் கையால் போட்டுப் பழகுங்கள். 5 சதவீதம் பேர் வாங்கும் பக்கத்தில் அது 6 ஆனதா என்று வழக்கமான நம்பக அளவில் கண்டுபிடிக்க ஒவ்வொரு வடிவத்துக்கும் ஏறத்தாழ 8,000 பேர் வேண்டும். நாளுக்கு 1,000 பேர் வந்தால் பதினாறு நாள். மூன்றாம் நாளே முன்னேற்றம் தெரிகிறது என்று நிறுத்தினால் தற்செயலை வெற்றி என்று எண்ணிவிடுவீர்கள். தரவைக் கேட்டெடுக்கும் மொழியான எஸ்.க்யூ.எல்.லில் ஜாயின், குரூப் பை, விண்டோ ஃபங்ஷன் வரை வந்தால் போதும்.

இன்னொன்று, “நாங்க செய்தோம்” என்ற பேச்சு. ஏஜென்சியில் அது நாகரிகம். இன்டர்வியூவில் “நாங்க”வுக்குள் நீங்கள் எடுத்த முடிவு எது என்று தெரியாமல் மதிப்பெண் போட முடியாது.

பதில் 1 (மறுபடி):

சம்பளத்தில் ஒரு விஷயம். எட்டு வருஷ அனுபவத்தையும் ஒரு படி கீழிறக்கி எடுப்பது சகஜம். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் பார்க்காமல் பங்குகளைக் கேளுங்கள்: வழக்கமாக நாலு வருஷத்தில் பிரித்துத் தருவார்கள், பல இடங்களில் முதல் வருஷம் முடியுமுன் கிளம்பினால் ஒன்றும் வராது. அடுத்த படிக்கு எழுத்தில் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்ற ஆவணத்தைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டு வாங்குங்கள், தம்பி.