ஓ.பி. (புறநோயாளிகள் பிரிவு) நெரிசலில் தற்கொலை எண்ணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பி.எச்.சி. (ஆரம்ப சுகாதார நிலைய) மருத்துவர்:
உடம்பெல்லாம் வலி, தலைசுற்றல், தூக்கமில்லை என்று திரும்பத் திரும்ப வருகிறார்கள். ரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு எதுவும் இல்லை. ஆளுக்கு மூன்று நிமிடம்தான் கிடைக்கிறது. யாரிடம் மனச்சோர்வைத் தேடுவது? சாகிற எண்ணம் உண்டா என்று கேட்டால் நாமே விதை போட்டதாகாதா?

மனநல மருத்துவர்:
ஆகாது சார். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை, பலருக்கு நிம்மதிதான்.

முதலில் இரண்டே கேள்வி. இரண்டு வாரமாக மனசு சோர்ந்து கிடக்கிறதா? எதிலும் நாட்டமில்லையா? ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் 0 (இல்லவே இல்லை) முதல் 3 (கிட்டத்தட்ட தினமும்) வரை. கூட்டுத்தொகை 3 அல்லது அதற்கு மேல் என்றால் பி.எச்.கியூ-9 (மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட தாள்) முழுதும் கேளுங்கள். அதில் 27க்கு 10 வந்தால் சிகிச்சையைப் பற்றி யோசிக்க வேண்டும். ஆனால் மொத்தம் 6தான் என்றாலும், சாகிற எண்ணத்தைப் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு 0 தவிர எது வந்தாலும் பேனாவை வைத்துவிட்டுப் பேசுங்கள். மொத்தத்தை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவதுதான் பெரிய தவறு.

“அப்படியெல்லாம் நினைக்கலையே?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும். “இப்படி இருப்பதற்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று தோன்றுகிறதா?” என்று தொடங்கி, உயிரை விடும் எண்ணம், திட்டம், முன்பு முயன்றது என்று படிப்படியாகப் போங்கள்.

மாவட்ட மனநலத் திட்ட ஆலோசகர்:
திட்டம் இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள். ‘நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க’ என்று சீட்டு எழுதுவது போதாது; உறவினர் ஒருவருடன் அன்றே 108இல் அனுப்புங்கள். எண்ணம் மட்டும் என்றால், வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அன்றே வெளியேற்றச் சொல்லுங்கள். மாத்திரை ஒரு வாரத்துக்கு மட்டும், அதுவும் வீட்டார் கையில். 14416 என்ற மனநல உதவி எண்ணைச் சீட்டிலேயே எழுதுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பலர் மறைக்கிறார்கள். 2017 மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்கிறது. தண்டிக்கக் கூடாது என்கிறது. அதைச் சொல்லிவிட்டால் வாய் திறப்பார்கள்.

பொதுநல மருத்துவர்:
மனச்சோர்வுக்கான எஸ்சிடலோபிராம் மாத்திரை எழுதுமுன், தூங்காமலே உற்சாகமாக, கண்டபடி செலவு செய்த நாட்கள் உண்டா என்று கேளுங்கள். இருமுனைக் கோளாறாக (மிகை உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) இருந்தால் இந்த மாத்திரை மட்டும் நிலையைக் கெடுக்கும். பலன் தெரிய 2 முதல் 4 வாரமாகும் என்று சொல்லாததால்தான் பலர் பத்தாம் நாளே நிறுத்துகிறார்கள். 25 வயதுக்குக் கீழே என்றால் ஒரு வாரத்திலேயே திரும்ப வரச் சொல்லுங்கள். தூக்கத்துக்கு என்று அல்பிரசோலம் (பதற்றம் தணிக்கும் மாத்திரை) மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள்.

பி.எச்.சி. மருத்துவர்:
நன்றி. மாமியாரோ கணவரோ பக்கத்திலேயே நிற்கும்போது ஒன்பதாவது கேள்வியை எப்படிக் கேட்பது?

மாவட்ட மனநலத் திட்ட ஆலோசகர்:
பி.பி., எடை பார்க்க என்று நோயாளியை மட்டும் செவிலியர் அறைக்கு அனுப்புங்கள். கேள்வித்தாளை அங்கேயே வைத்திருங்கள்; செவிலியர் வாசித்துக் கேட்டால் போதும்.