பிக்கப்புக்கு எலக்ட்ரிக் ஃபேன் தேவையா? குடும்பக் குழுவில் ஒரு மாலை உரையாடல்

சரவணன்: அனைவருக்கும் வணக்கம். பாலக்கோட்டில் தக்காளி ஏற்றிக்கொண்டு ராயக்கோட்டை வழியாக ஓசூருக்குப் போகும்போது, நம் பிக்கப்பில் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டை நெருங்கிவிடுகிறது. என்ஜினோடு சுற்றும் ஃபேனைக் கழற்றிவிட்டு, கார்களில் இருப்பதைப் போன்ற எலக்ட்ரிக் ஃபேனை மாட்டினால் சூடும் குறையும், டீசலும் மிச்சமாகும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். மாங்காய் சீசன் தொடங்குவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். முருகேசன் சித்தப்பாவும் கவிதா அக்காவும் தங்கள் கருத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

முருகேசன் சித்தப்பா: ஃபேனைப் பற்றிப் பிறகு பேசுவோம் சரவணா. வண்டி எந்த நேரத்தில் சூடாகிறது என்பதை முதலில் தெளிவாகச் சொல். கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில் நிற்கும்போதா, நான்குவழிச் சாலையில் ஒரே வேகத்தில் ஓடும்போதா, லோடோடு மேடு ஏறும்போதா?

சரவணன்: வரிசையில் நிற்கும்போது ஒன்றும் ஆவதில்லை சித்தப்பா. லோடோடு மேடு ஏறும்போதுதான் அதிகம். சமதளத்தில் லோடோடு எண்பதில் ஓட்டினாலும் முள் சற்று மேலேதான் நிற்கிறது. சேலத்திலிருந்து வெறும் வண்டியாகத் திரும்பும்போது தொப்பூர்க் கணவாயில் ஏறினாலும் தொந்தரவு இல்லை.

முருகேசன் சித்தப்பா: நீ சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. நிற்கும்போது மட்டும் சூடானால் காற்று போதவில்லை என்று பொருள். ஏனென்றால் அப்போது வண்டி ஓடுவதால் வரும் காற்று இல்லை, என்ஜினும் மெதுவாகச் சுற்றுவதால் அதோடு சேர்ந்த ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். எண்பதில் ஓடும்போது முன்கிரில் வழியாக வரும் காற்றே பெரும்பாலும் போதும், ஃபேன் இல்லாவிட்டாலும் சமாளிக்கும். அந்த வேகத்திலும் சூடு ஏறுகிறது என்றால், கோளாறு தண்ணீர் ஓடும் வழியில் இருக்கிறது என்றே நான் முதலில் சந்தேகப்படுவேன். ரேடியேட்டர் குழாய்கள் அடைத்திருக்கலாம், சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்காமல் இருக்கலாம், பெல்ட் நழுவலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம். இவற்றில் எதையும் எலக்ட்ரிக் ஃபேன் சரிசெய்யாது.

மேட்டு விஷயத்தையும் யோசித்துப் பார். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு மொத்தத்தில் ஏற்றம்தான். இரண்டாம் கியரிலோ மூன்றாம் கியரிலோ லோடோடு ஏறும்போது என்ஜின் வேகமாகச் சுற்றுகிறது, ஆகவே அதோடு சேர்ந்த ஃபேனும் அப்போதுதான் மிக அதிகக் காற்றை இழுக்கிறது. காருக்கென்று செய்த சின்ன எலக்ட்ரிக் ஃபேனை அந்த இடத்தில் வைத்தால், உனக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில் இப்போது கிடைக்கும் காற்றும் குறைந்துவிடும்.

கவிதா: சித்தப்பா சொல்வது சரி. டீசல் மிச்சமாகும் என்பதிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஃபேனின் வேகம் இரண்டு மடங்கானால் அதைச் சுற்றத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகும் என்பதால், எப்போதும் என்ஜினோடு இறுகிச் சுற்றும் ஃபேன் நிறையச் சக்தியை வீணாக்கும். ஆனால் அந்த இழப்பைத் தவிர்ப்பதற்காகத்தான் பல டீசல் வண்டிகளில் விஸ்கஸ் கிளட்ச் வைத்திருக்கிறார்கள். சரவணா, உன் ஃபேனின் நடுவில் வரிவரியான அலுமினிய வட்டு இருக்கிறதா?

சரவணன்: இருக்கிறது அக்கா. அதன் முன்புறம் சுருள் தகடு ஒன்றும் தெரிகிறது.

கவிதா: அதுதான் விஸ்கஸ் கிளட்ச். ரேடியேட்டர் வழியாக வரும் காற்று சூடானதும் அந்தச் சுருள் தகடு வளைந்து உள்ளே ஒரு வழியைத் திறக்கும். சிலிகான் எண்ணெய் தட்டுகளுக்கிடையே பாய்ந்து ஃபேனை இறுக்கிப் பிடிக்கும். எண்ணெய் கசிந்து போயிருந்தால் என்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் ஃபேன் வழுக்கிக்கொண்டே இருக்கும். மேடு ஏறி முடித்ததும் ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துவிட்டு, ஃபேனைக் கையால் சுழற்றிப் பார். சூடாக இருக்கும்போது அது முரண்டு பிடிக்க வேண்டும். தட்டிவிட்டதும் பல சுற்று தானாகச் சுற்றினாலோ, வட்டைச் சுற்றி எண்ணெயில் புழுதி ஒட்டியிருந்தாலோ, கிளட்ச் போய்விட்டது என்று பொருள்.

மணி மாமா: இவ்வளவு சுற்றி வளைப்பானேன் மாப்பிள்ளை? தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் தண்ணீர் தடையில்லாமல் ஓடுமே.

முருகேசன் சித்தப்பா: வேண்டாம் மச்சான், அது பலர் செய்வதுதான், ஆனால் கெடுதல். பல என்ஜின்களில் சூடானதும் பைபாஸ் வழியை அடைப்பதும் அதே தெர்மோஸ்டாட்தான். அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் என்ஜினுக்குள் சுற்றி வந்துவிடும், லோடில் சூடு இன்னும் ஏறும். காலைக் குளிரில் என்ஜின் சூடேறத் தாமதமாகி டீசலும் தேய்மானமும் கூடும். பழையதைக் கழற்றி வெந்நீரில் போட்டு, அதன் மேல் அடித்திருக்கும் டிகிரியில் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, சந்தேகம் இருந்தால் புதிது போடுவதே முறை.

சரவணா, ரேடியேட்டரில் எந்தத் தண்ணீர் ஊற்றுகிறாய்?

சரவணன்: குறையும்போது தோட்டத்துப் போர்த் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன்.

முருகேசன் சித்தப்பா: நான் அஞ்சியது இதைத்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்திருப்பதால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது உனக்குத் தெரியும். ஆனால் ரேடியேட்டருக்கு எதிரி அதே தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு உப்புதான். சூடு படும்போது அது குழாய்களுக்குள் படிந்து கல்லாகி, தண்ணீர் ஓடும் வழியைக் குறுக்கிவிடும். கூலண்டும் வடிநீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்று. குளிரும் நாட்டுக்குத்தான் கூலண்ட் என்று எண்ணாதே, அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. தண்ணீர் ஏன் குறைகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மூடியின் ரப்பர் தேய்ந்து அழுத்தம் நிற்காவிட்டாலும் குறையும், என்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் கசிந்தாலும் குறையும்.

ராணி அத்தை: தம்பி, வண்டி சூடாக இருக்கும்போது அந்த மூடியை மட்டும் திறந்துவிடாதே. கொதிக்கும் தண்ணீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

சரவணன்: சரி அத்தை, ஆறிய பிறகுதான் திறப்பேன். கவிதா அக்கா, இவை எல்லாம் செய்த பிறகும் எலக்ட்ரிக் ஃபேன் போடுவதென்றால் எப்படிப் போடுவது?

கவிதா: போடுவதென்றால் முழுமையாகப் போட வேண்டும், அரைகுறையாகப் போட்டால் என்ஜினுக்கே ஆபத்து. ஃபேன் ரேடியேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் நின்று காற்றை உள்ளே இழுப்பதாகவும், ரேடியேட்டரின் முழுப் பரப்பையும் மூடும் கூண்டுடனும் இருக்க வேண்டும். கூண்டு இல்லாவிட்டால் இறக்கைகளுக்கு நேரே இருக்கும் பகுதி மட்டுமே குளிரும். பிளாஸ்டிக் டேக்கை ரேடியேட்டர் மடிப்புகளுக்குள் செருகிக் கட்டித் தருவார்கள், அதற்கு ஒப்புக்கொள்ளாதே. அதிர்வில் அது குழாயை அறுத்துவிடும்.

மோட்டார் ஓடும்போது 20 ஆம்பியருக்கு மேலும், தொடங்கும் நொடியில் அதைவிடப் பல மடங்கும் இழுக்கக்கூடும். ஆகவே டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக நேரே மின்சாரம் கொடுக்காமல், பேட்டரியிலிருந்து ஃபியூஸ், அதிலிருந்து 40 ஆம்பியர் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்), அதிலிருந்து ஃபேன் என்று தடித்த ஒயரில் போக வேண்டும். ரிலேயில் 30 என்ற எண் போட்ட முனை பேட்டரிப் பக்கம், 87 ஃபேன் பக்கம். 85, 86 இரண்டும் ரிலேயை இயக்கும் சுருளுக்கு உரியவை. அந்தச் சுருளைத் தண்ணீரின் சூட்டை உணரும் சுவிட்ச் இயக்க வேண்டும், ஓட்டுநரின் நினைவை நம்பி விடக்கூடாது. இரவில் ஹெட்லைட்டும் ஃபேனும் சேர்ந்து ஓடினால் வண்டிக்கு மின்சாரம் தரும் உன் ஆல்டர்னேட்டர் தாங்குமா என்று அளந்து பார்க்காமல் நான் சம்மதிக்க மாட்டேன்.

முருகேசன் சித்தப்பா: இன்னொன்று. பல வண்டிகளில் ஃபேனையும் வாட்டர் பம்ப் புல்லியையும் பிடிப்பது ஒரே போல்ட்டுகள்தான். ஃபேனை எடுத்துவிட்டு அதே நீளப் போல்ட்டைத் திருகினால் புல்லி இறுகாமல் ஆடும், அல்லது போல்ட் முனை உள்ளே இடிக்கும்.

என் முடிவு இதுதான்: லோடு ஏற்றி மேடு ஏறும் வண்டிக்கு, நல்ல நிலையில் உள்ள விஸ்கஸ் கிளட்ச்சுடன் கம்பெனி கொடுத்த ஃபேனே நம்பகமானது. நாளை காலை ரேடியேட்டர் மடிப்புகளில் இருக்கும் புழுதியையும் வைக்கோலையும் என்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அழுத்தம் குறைந்த தண்ணீரில் கழுவு. கூண்டு உடைந்திருக்கிறதா என்றும் பார்.

சரவணன்: கூண்டின் கீழ்ப்பகுதி எப்போதோ உடைந்துபோய்விட்டது சித்தப்பா. அது பெரிய விஷயம் என்று யாரும் சொல்லவில்லை.

முருகேசன் சித்தப்பா: பெரிய விஷயம்தான். அந்தத் திறப்பு வழியாக, ரேடியேட்டரைத் தொடாமல் என்ஜின் பக்கத்துச் சூடான காற்றையே ஃபேன் திரும்பத் திரும்ப இழுக்கிறது. முதலில் அதை வாங்கிப் பொருத்து. பிறகு ரேடியேட்டரைக் கழற்றிக் கொண்டு வா. பித்தளையாக இருந்தால் ராடு விட்டுச் சுத்தம் செய்யலாம், அலுமினியமாக இருந்தால் மாற்றுவதுதான் வழி.

கவிதா: எங்கள் கம்பெனியில் இருக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானியை ஞாயிற்றுக்கிழமை கேட்டு வாங்கி வருகிறேன். ரேடியேட்டரைக் கழற்றுவதற்கு முன் என்ஜினை நன்றாகச் சூடாக்கி, அதன் முகப்பு முழுவதும் அளந்து பார்ப்போம். சுற்றியுள்ள இடம் சூடாக இருந்து, ஒரு பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கேதான் குழாய் அடைத்திருக்கிறது.

சரவணன்: அப்படியே செய்வோம் அக்கா. பட்டறையில் ஃபேனுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.