நல்லூர்த் தேரை ரீவியிலிருந்து பதிய எந்தக் கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை)?

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடியேறியாயிற்று, 24ஆம் நாள் தேர், அதை ரீவியில் போடும்போது கொம்பியூட்டரில் பதிந்து கனடாவில் இருக்கிற பெரியம்மாவுக்கு அனுப்பவேண்டும். கொடியேற்றத்தைப் பதிந்து பார்த்ததில் ஒன்றும் சரிவரவில்லை.

கேபிள் பெட்டியின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்கள் யூஎஸ்பி கப்சர் கருவிக்குள் போகின்றன. பி.ஏ.எல். ரீவி சிக்னல், 720க்கு 576, வினாடிக்கு 25 பிரேம், இன்டர்லேஸ் (ஒரு பிரேமின் கோடுகள் ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு தரமாக வரும்). மெஷின் மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜீபி ராம், விண்டோஸ் 10, பதிவது ஓபிஎஸ் மென்பொருளில்.

முதலில் எக்ஸ்264 (சிபியுவால் எச்.264 ஆக்கும் என்கோடர்), 'மீடியம்' பிரீசெட் (வேக அமைப்பு). சிபியு 100 வீதத்தில் நின்று பிரேம் விழுந்தது, மேளம் ஒரு பக்கம், தவில்காரர் கை இன்னொரு பக்கம். 'வெரிஃபாஸ்ட்' போட்டால் விழுவது நின்றது, ஆனால் சனக்கூட்டம் முழுக்கக் கட்டம் கட்டமாக உடைகிறது, சாமி அசைந்தால் ஓரத்தில் சீப்புப் பல்லு மாதிரிக் கோடு. யாடிஃப் (இன்டர்லேஸை நீக்கும் ஃபில்டர்) போட்டதும் கோடு போய்விட்டது, சரி, சிபியு திரும்ப ஏறிவிட்டது. ஹஃப்யூவில் (தரம் குறையாமல் பதியும் கோடெக்) படம் அருமை, மணித்தியாலத்துக்கு 30 ஜீபிக்கு மேல் தின்கிறது, என் ஹாட் டிஸ்க் தாங்காது. (கரண்ட் போனால் எம்பி4 திறக்காது என்பதால் எம்கேவியில்தான் பதிகிறேன்.)

இந்த மெஷினில் இன்டர்லேஸாகவே எம்பெக்-2இல் பதிந்து பிறகு எச்.264க்கு மாற்றுவதா, குயிக் சிங்க் (இன்டெல் சிப்பிலேயே இருக்கிற வீடியோ என்கோடர்) வழியாக நேரடியாக எச்.264இல் பதிவதா, எது நல்லது?