எஸ்டிஆர் டாங்கிள்ல எஃப்எம் கேக்குது, விமான சிக்னல் மட்டும் வரமாட்டேங்குது, எல்லாமே சாஃப்ட்வேர்னா ஏன் இப்படி?

புதுஅலை:
வணக்கம் நண்பர்களே, ஆர்டிஎல் எஸ்டிஆர் டாங்கிள் (ரேடியோ வேலைய சாஃப்ட்வேர்ல செய்ய வைக்கிற சின்ன யூஎஸ்பி ரிசீவர்) வாங்கி ஒரு வாரம் ஆச்சு, எஃப்எம் ஸ்டேஷன் எல்லாம் லேப்டாப்ல தெளிவா கேக்குது, வாட்டர்ஃபால்ல, அதாவது சிக்னல் மேலருந்து கீழ ஓடுற படத்துல, ஒவ்வொரு ஸ்டேஷனும் கோடு கோடா இறங்குறத பாத்துட்டே உக்காந்திருக்கேன். ஆனா 1090 மெகாஹெர்ட்ஸ்ல விமானம் தன்னோட இடம், உயரம், வேகம் சொல்லி அனுப்புற ஏடிஎஸ்-பி சிக்னல் மட்டும் ஒன்னு கூட டீகோட் ஆகல. தலைக்கு மேல ப்ளேன் போகுது, ஸ்க்ரீன்ல ஒன்னும் இல்ல. இழுத்து நீட்டுற ஆன்டெனாவ முழுசா நீட்டி ஜன்னல் ஓரம் வச்சிருக்கேன், கெயின் (சிக்னல பெருக்குற அளவு) ஃபுல், சாம்பிள் ரேட் 1 மெகா, அதாவது செகண்டுக்கு பத்து லட்சம் சாம்பிள். ஃப்ரீக்வென்ஸிய மாத்தி டீகோடர ஓடவிட்டா போதும்னுதானே சொல்றாங்க?

கம்பியில்லாதவன்:
நீங்க சொன்னதுலயே மூணு தப்பு இருக்கு. மொதல்ல ஆன்டெனா: 300ஐ மெகாஹெர்ட்ஸால வகுத்தா அலைநீளம் மீட்டர்ல வரும், 1090க்கு சுமார் 27.5 செ.மீ., அதுல கால்வாசி 6.9 செ.மீ. அந்த அளவுக்கு சுருக்கி செங்குத்தா வைங்க, முக்கா மீட்டர் நீட்டுறதெல்லாம் எஃப்எம்முக்குத்தான். அடுத்தது சாம்பிள் ரேட். ஏடிஎஸ்-பில ஒரு பிட்டு 1 மைக்ரோசெகண்ட், அதுக்குள்ள பல்ஸ் முதல் பாதில இருக்கா ரெண்டாவது பாதில இருக்காங்கறதுதான் 1ஆ 0ஆன்னு சொல்லுது, நீங்க 1 மெகால எடுத்தா ஒரு பிட்டுக்கு ஒரே ஒரு சாம்பிள், எந்தப் பாதின்னு எப்படி தெரியும்? 2 இல்ல 2.4 வைங்க. அப்புறம் கெயின கொஞ்சம் கொஞ்சமா இறக்கிப் பாருங்க.

பழைய_ரிசீவர்:
மேல சொன்னது சரி, கெயின் ஏன்னு மட்டும் நான் சொல்றேன், ஏன்னா எல்லாரும் வழுக்குற இடம் அதுதான். எஸ்டிஆர்ல சாஃப்ட்வேரோட ராஜ்ஜியம் ஏடிசிக்கு (சிக்னல எண்ணா மாத்துற சிப்) அப்புறம்தான் ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி ட்யூனர், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் அசல் ஹார்டுவேர். இந்த டாங்கிள் டிவி பாக்கத்தான் செஞ்சது, எஃப்எம் கேக்குறதுக்காக அதுல இருந்த ஒரு மோட் டீகோட் பண்ணாத சாம்பிள அப்படியே யூஎஸ்பில தள்ளிவிடுதுன்னு 2012 வாக்குல கண்டுபிடிச்சாங்க, அதுலதான் நம்ம எல்லாருக்கும் இந்த விளையாட்டு கெடச்சது. ஆனா அந்த சாம்பிள் 8 பிட்டு. ஒரு பிட்டுக்கு சுமார் 6 டெசிபல்னு வச்சா, ஒரே நேரத்துல பிடிக்க முடியுற பெரிய சிக்னலுக்கும் சின்ன சிக்னலுக்கும் நடுவுல மொத்தம் 48 டெசிபல் சொச்சம்தான். கெயின ஃபுல்லா வச்சா பக்கத்துல இருக்குற எஃப்எம் ட்ரான்ஸ்மிட்டர் மாதிரி பலமான சிக்னல் ஆம்ப்ளிஃபயரையே திணறடிச்சிடும், சின்ன சிக்னல் நசுங்கிப் போயிடும், இல்லாத எடத்துல போலி சிக்னல் வேற முளைக்கும். ஒரு தடவ நசுங்கினத எந்த சாஃப்ட்வேராலயும் திருப்பி எடுக்க முடியாது. எனக்கு இது புரிய ஆறு மாசம் ஆச்சு, அதுவரைக்கும் டீகோடர் டீகோடரா மாத்திட்டே இருந்தேன்.

புதுஅலை:
வந்துருச்சு! 6.9 செ.மீ., 2.4 மெகா, கெயின் ரெண்டு மூணு படி கம்மி, பத்தே நிமிஷத்துல ஏழு ப்ளேன், உயரம் வேகம் எல்லாம் வருது. ரொம்ப நன்றி. இப்போ ஆசை கூடிருச்சு, ஹேக்ஆர்எஃப் மாதிரி அனுப்பவும் முடியுற போர்டு வாங்கினா குனு ரேடியோல (எஸ்டிஆருக்கான இலவச சாஃப்ட்வேர்) நானே வைஃபை செய்யலாமா?

கம்பியில்லாதவன்:
வைஃபை பாக்கெட்ட கேக்கலாம், டீகோட் பண்ணலாம். முழு வைஃபையா பேசுறதுதான் கஷ்டம். பாக்கெட் வந்து முடிஞ்சதும் 5 கிகாஹெர்ட்ஸ்ல 16 மைக்ரோசெகண்ட்ல ஏசிகே (கெடச்சதுன்னு சொல்ற பதில்) கெளம்பணும், யூஎஸ்பி வழியா சாம்பிள் கம்ப்யூட்டருக்கு வந்து பதில் திரும்பிப் போறதுக்குள்ள அந்த நேரம் எப்பவோ தாண்டிடும். அதனால அந்த வேலைய போர்டுலயே இருக்குற எஃப்பிஜிஏக்குள்ள (நமக்கு வேணும்கிற மாதிரி சர்க்யூட்ட மாத்தி அமைக்கிற சிப்) வைப்பாங்க. ஆச்சரியம் என்னன்னா எல்டிஇ (4ஜி மொபைல்) இதவிட பெரிய சிஸ்டம், ஆனா அதுல பதில் சொல்ல 4 மில்லிசெகண்ட் டைம் குடுக்குறாங்க, அதனாலதான் சாதா கம்ப்யூட்டர்ல யூஎஸ்ஆர்பிங்கற எஸ்டிஆர் போர்ட மாட்டி எஸ்ஆர்எஸ்ரான்ங்கற மொபைல் நெட்வொர்க் சாஃப்ட்வேர ஓட்டி லேப்ல ஒரு பேஸ் ஸ்டேஷனே எழுப்ப முடியுது. ஹேக்ஆர்எஃப்ல அதுவும் ஆகாது, ஒரு நேரத்துல அனுப்பும் இல்ல வாங்கும், ரெண்டும் சேந்து செய்யாது.

பழைய_ரிசீவர்:
அனுப்புறதுன்னா லைசென்ஸ் விஷயத்த மொதல்ல பாத்துக்கோங்க, விமான ஃப்ரீக்வென்ஸி பக்கம் தலை வச்சும் படுக்காதீங்க. ரெண்டு போர்ட கேபிள்ல இணைச்சுப் பழகுங்க, நடுவுல 30, 40 டெசிபல் அட்டென்யுவேட்டர் (சிக்னல குறைக்கிற சின்ன பாகம்) கண்டிப்பா போடுங்க, ஹேக்ஆர்எஃப் இன்புட் மைனஸ் 5 டிபிஎம் (சுமார் 0.3 மில்லிவாட்) வரைக்கும்தான் தாங்கும், நேரா மாட்டினா மொத நாளே ஆம்ப்ளிஃபயர் போயிடும்.