கொப்பரை காய்ந்த மாடியில் ஒரு ராம்ப் வாக்

நாகர்கோவில், செட்டிகுளம் (ஸ்டுடியோ வைத்திருப்பவர்):

டிவி போட்டி வழியாக மாடலிங் பக்கம் போன நம்ம மாவட்டத்துப் பிள்ளைகளோட பழகின அனுபவம் இருந்தா எழுதுங்க மக்களே. நானே தொடங்குறேன்.

2018 தவக்காலம். கல்யாண ஆர்டர் குறைவு. குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு அம்மையும் மகளும் வந்தாங்க. "பாஸ்போர்ட் சைஸா?"ன்னு கேட்டேன். "இல்லண்ணே, மேக்கப் இல்லாம எடுக்கணும். ரீடச் பண்ணவே கூடாது"ன்னு பிள்ளை சொன்னா. மாடல் தேர்வுக்கு அனுப்புற படமாம். வெள்ளைச் சுவர், கறுப்பு பனியன், தலைமுடியை இழுத்துக் கட்டி நேர்ல ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, முதுகுப் பக்கம் ஒண்ணு, முகம் மட்டும் கிட்டத்துல ஒண்ணு. உயரம், இடுப்பு அளவெல்லாம் கூடவே எழுதி அனுப்பணும். கல்யாண ஆல்பத்துல பரு, தழும்பு எல்லாத்தையும் அழிச்சுக் கொடுத்தே பழகின எனக்கு, இருக்கிற முகத்தை அப்படியே கொடுக்கணும்ங்கிறது புதுசா இருந்துது.

நடக்கிற வீடியோ எடுக்க அவங்க வீட்டுக்குப் போனேன். மொட்டைமாடி முழுக்க தேங்காய் முறி காயுது. அம்மை நடுவுல ஒரு முழ அகலத்துக்கு முறிகளை ஒதுக்கி வழி விட்டிருந்தாங்க. காக்கா விரட்ட கையில கம்பு. அந்த வழியில நாலு இஞ்ச் ஹீல்ஸ் போட்டுப் பிள்ளை நடந்தா. பார்வை நேரா கடல் பக்கம். கால் கொஞ்சம் விலகினாலும் முறியில தட்டும். பன்னிரண்டு தடவை நடந்தா, ஒரு முறி அசையல்லை.

கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்ல சென்னைக்குப் போய் ஒரு போட்டியில தேர்வானா, மூணாவது சுற்றுல வெளிய வந்தா. ஹீல்ஸ் கடிச்சுக் குதிகால் புண்ணானதுல ஒருநாள் அழுதிருக்கா. நடுவர் திட்டினதுக்கு அழுத மாதிரி வெட்டி ஒட்டிக் காட்டிட்டாங்க. ஊர்ல ஆளாளுக்கு அந்தப் பிள்ளையிடம் அதையே கேட்டாங்க. எனக்கு இன்னைக்கும் ஆறல்லை. ஆனா அந்த எபிசோடைப் பார்த்துத்தான் கொச்சியில இருந்து ஒரு நகை விளம்பரக்காரங்க கூப்பிட்டாங்க. அதுக்கப்புறம் வேலை நிக்கல்லை.

தக்கலை:

ஆரவ் பேரைச் சொல்லாம இந்தப் பேச்சு முடியுமா! நாகர்கோவில்காரர், மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சிட்டு மாடலிங் போனவர். 2017 ஜூன் 25-ல கமல் சார் தொகுத்து வழங்கின முதல் பிக் பாஸ் தமிழ் தொடங்கிச்சு, செப்டம்பர் 30-ல ஆரவ் ஜெயிச்சார். பரிசு 50 லட்சம். எங்க வீட்டுல மூணு போன்ல ஓட்டுப் போட்டோம். "நம்ம ஊருப் பயலாக்கும்"ன்னு தாத்தா தெரு முழுக்கச் சொல்லிட்டு நடந்தார்.

ஆனா நான் ரொம்ப மதிக்கிறது அதுக்குப் பிறகு நடந்ததைத்தான். கதாநாயகனா முதல் படம் வெளிவர 2019 ஆச்சு. 2022-ல வில்லனா வந்தார். 2025 பிப்ரவரியில விடாமுயற்சி. அந்தப் படத்துக்காக அஜர்பைஜான்ல அஜித் வண்டி ஓட்ட, இவர் பக்கத்து சீட்டுல இருக்க, கார் உருண்ட வீடியோவைப் பார்த்திருப்பீங்க. அன்னைக்கு எங்க வீட்டுல யாருக்கும் சோறு இறங்கல்லை. மூணு மாச நிகழ்ச்சியில வாங்கின பேரை நிலைநிறுத்த அந்த மனுஷனுக்கு இத்தனை வருஷ உழைப்பு தேவைப்பட்டிருக்கு. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்க.

கருங்கல்:

எனக்க தங்கச்சியைக் கூட்டிட்டு ஒரு ஆடிஷனுக்குப் போனேன். "டிவி போட்டியில நேரடியா ஏத்திவிடுறோம், போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது மாடலிங் படத் தொகுப்புக்கு, 35,000 ரூபா கட்டுங்க"ன்னாங்க. கட்டினோம். அதுக்கப்புறம் போனை எடுக்கல்லை. சங்கிலி அடகு வச்ச காசு. ஒழுங்கான ஏஜென்சி வேலை வாங்கித் தந்து, வர்ற சம்பளத்துலதான் கமிஷன் எடுக்கும். முன்பணம் கேட்டா எழுந்து வந்திடுங்க. டிவி போட்டி ஒப்பந்தத்துல, எடுத்த காட்சியை எப்படி வேணும்னாலும் வெட்டிக்கலாம்னு ஒரு வரி இருக்கும். அதை வாசிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க.

கொல்லங்கோடு:

எனக்கு வெண்புள்ளி. கன்னத்துலயும் கழுத்துலயும் உண்டு. கல்யாண வீட்டுல போட்டோ எடுக்கும்போ என்னைப் பின்வரிசைக்குத் தள்ளுவாங்க. பிளஸ் டூ படிக்கும்போ வின்னி ஹார்லோ வீடியோ ஒண்ணு பார்த்தேன். கனடாக்காரி, அவளுக்கும் வெண்புள்ளி. அமெரிக்காவில 2003-ல டைரா பேங்க்ஸ்ங்கிற மாடல் தொடங்கின அமெரிக்காஸ் நெக்ஸ்ட் டாப் மாடல் போட்டியில 2014-ல வந்தா, ஜெயிக்கல்லை. ஆனா இன்னைக்கு உலகத்துக்கே தெரியுற மாடல். அந்த வீடியோவை அம்மைக்குக் காட்டினேன். அம்மை ஒண்ணும் பேசல்லை, கன்னத்தைத் தொட்டுப் பார்த்தா. அண்ணே, நீங்க சொன்ன அந்த நாலு படம் எனக்கும் எடுத்துத் தருவீங்களா?

நாகர்கோவில், செட்டிகுளம்:

தங்கச்சி, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு அம்மையைக் கூட்டிட்டு வா மக்ளே. கறுப்பு பனியன் மட்டும் கொண்டு வா, கழுத்து இறங்கினது. பவுடர் போடாதே. காலையில பத்து மணிக்கு ஜன்னல் வெளிச்சம் சுவர்ல நல்லா விழும். அந்த வெளிச்சத்துலயே எடுப்போம்.